ஒட்டுண்ணி மலிந்த கரை கெட்டுப்போன கரையா?

கேள்வி, செப்டம்பர் 9

கழிமுகச் சேற்றில் பொறுக்கிய நத்தைகளை உடைத்துப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்டவற்றில் புழு. போன ஆண்டுதான் அந்தக் கரையைப் புயல் ஒன்று புரட்டிப்போட்டது. அறிக்கையை "புயலால் சீர்குலைந்து, ஒட்டுண்ணிகளால் நோயுற்ற கரை" என்று முடிக்கலாம் என்பது எங்கள் குழுவின் எண்ணம். மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம்.

செப்டம்பர் 9, இரவு

எனக்கு மறுப்பு உண்டு. அந்த வரியின் முதல் பாதியும் ஐயத்துக்குரியது, இரண்டாம் பாதியும் ஐயத்துக்குரியது. இரண்டையும் ஒரு காற்புள்ளியால் ஒட்டியிருப்பது அதைவிட மோசம்.

உங்கள் நத்தைக்குள் இருப்பது அநேகமாகத் தட்டைப்புழுவின் இளம்பருவம். கரைப்பறவையின் குடலில் வளரும் புழு முட்டையிடும். முட்டை எச்சத்தோடு சேற்றில் விழுந்து நத்தைக்குள் போகும். அங்கே பெருகி, வால் முளைத்த இளவுயிரிகளாக நீரில் நீந்தி வெளிவரும். பிறகு மீனிலோ நண்டிலோ சிப்பியிலோ புகுந்து காத்துக் கிடக்கும். அதைப் பறவை தின்றால்தான் சுற்று முடியும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் புழு இல்லை. ஆகவே நத்தையில் புழு இருக்கிறதென்றால் அங்கே பறவை இரை தேடியிருக்கிறது, மீன் பிழைத்திருக்கிறது என்று பொருள். கலிபோர்னியாவின் பொலினாஸ் கடற்கழியில் ஹெச்சிங்கர், லாஃபர்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இதை எண்ணியே காட்டினார்கள். பறவைகள் மிகுந்த இடங்களில் நத்தைப் புழுக்களும் மிகுதியாக இருந்தன, இனங்களும் கூடுதலாக இருந்தன. நோய் என்று நீங்கள் எழுதப்போவதை அவர்கள் பறவைக் கணக்கெடுப்பாகப் படித்தார்கள்.

செப்டம்பர் 10

"ஒட்டுண்ணிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்குகிறேன். கட்டணம் இல்லை.

ஆய்வகத்தில் நான் நத்தை உடைக்கப் பழகிய காலத்தில், புழு கண்ட நத்தைகளைத் தனித்தட்டில் ஒதுக்கச் சொல்வார்கள். அவை எடைக் கணக்கைக் கெடுக்குமாம். மாலையில் அந்தத் தட்டு குப்பைக்குப் போகும். ஒதுக்கியவை எடுத்துக்கொண்டவற்றைவிட அதிகமாக இருந்த நாள்களும் உண்டு. அப்போதும் மேற்பார்வையாளர் புருவம் உயர்த்தியதில்லை. மிச்சமிருந்ததை வைத்து "இக்கரையின் உயிர்க்கூட்டம்" என்று தலைப்பிட்டு எழுதினோம்.

அந்தத் தட்டில் எவ்வளவு போயிற்று என்பதற்கு ஒரு மதிப்பீடு: லாஃபர்ட்டி, டாப்சன், கூரிஸ் மூவரும் 2006-இல் உணவு வலைகளில், அதாவது எது எதைத் தின்கிறது என்ற வரைபடங்களில், ஒட்டுண்ணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கார்பின்டீரியா உப்புச் சதுப்பும் அவற்றில் ஒன்று. சராசரியாக நான்கில் மூன்று பங்கு இணைப்புகளில் ஒட்டுண்ணி ஏதோ ஒரு பக்கத்தில் நின்றது. 2008-இல் கூரிஸ் குழு கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா கரைகளின் மூன்று கழிமுகங்களை எடைபோட்டது. ஒட்டுண்ணிகளின் மொத்த எடை உச்ச இரைகொல்லிகளின் எடையை விஞ்சியது. நீரில் ஓராண்டில் வெளிவரும் தட்டைப்புழு இளவுயிரிகளின் எடை மட்டுமே பறவைகளின் மொத்த எடையைவிட அதிகம். நாங்கள் குப்பையில் போட்டது ஓரக்குறிப்பு அல்ல.

செப்டம்பர் 12

புயலுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் கட்டாயம் படிக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தை 2002 செப்டம்பரில் இசிடோர் சூறாவளி தாக்கியது. அங்குள்ள செலஸ்டூன் கழியில் கொம்பு நத்தைகளையும் அவற்றின் புழுக்களையும் ஒரு குழு 2001 முதலே மாதந்தோறும் எண்ணிவந்தது. புயலுக்குப்பின் ஆறு மாதம் நத்தையே இல்லை. நத்தைகள் திரும்பிய பிறகும் அவற்றில் புழு இல்லை. புயல் போய்ப் பதினான்கு மாதம் கழித்துத்தான் முதல் புழு தென்பட்டது. இரண்டும் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

நத்தைத் தலையை எண்ணி "கரை மீண்டுவிட்டது" என்று யாராவது அறிவித்திருந்தால் அது அவசர அறிவிப்பு. நத்தை வந்துவிட்டது, நத்தையையும் மீனையும் பறவையையும் கோத்த நூல் இன்னும் வரவில்லை. புழுவைக் கடைசியாகத் திரும்பும் விருந்தாளியாகப் பார்த்தால், அது இருப்பது நல்ல செய்தி.

செப்டம்பர் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை இறுக்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எவராவது இதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். "இருப்பது நல்ல செய்தி" என்பது நத்தைகள் புதிதாக வந்தேறிய கரைக்குப் பொருந்தும். செலஸ்டூனில் பழைய நத்தைகள் முற்றாகத் துடைக்கப்பட்டன. கேள்வி கேட்டவரின் கரையில் அப்படி ஆனதா என்று அவர் சொல்லவில்லை. தட்டைப்புழு நத்தையில் குடியேறினால் பொதுவாக அதன் ஆயுள் முழுவதும் இருக்கும். புயலுக்குத் தப்பிய கிழட்டு நத்தை, புயலுக்கு முன் வந்த பறவையின் சாட்சியை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கலாம். அதை உடைத்துப் பார்த்து "பறவைகள் திரும்பிவிட்டன" என்று நானும் சொல்லக்கூடாது, "கரை நோயுற்றது" என்று நீங்களும் சொல்லக்கூடாது. எந்த அளவு நத்தையில் எவ்வளவு புழு என்று பிரித்துப் போடுங்கள். அதுவரை இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம்.

நான் மூடிக்கொள்ளப்போவதில்லை, அது வேறு விஷயம்.

செப்டம்பர் 15

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. "மிதமான இடையூறுதான் பல்லுயிர் வளத்துக்கு நல்லது, இது பாடநூலிலேயே இருக்கிறது" என்று ஒரு நண்பர் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். பாடநூலில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1978-இல் ஜோசப் கானல் மழைக்காடுகளையும் பவளப்பாறைகளையும் சான்றாக வைத்து எழுதியது அது. அடிக்கடி அழிந்தால் வேகமாக வந்தேறுபவை மட்டும் மிஞ்சும், அழிவே இல்லாவிட்டால் வலியவர் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்வார், நடுவில் இரு வகையும் சேர்ந்திருக்கும் என்பது கருத்து. கேட்பதற்கு அழகு. ஆனால் 2001-இல் மெக்கியும் கரியும் கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வரைபடத்தில் நடுவில் மேடிடும் அந்தக் கோடு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களில்தான் தெரிந்தது. 2013-இல் ஜெரமி ஃபாக்ஸ் இந்தக் கருதுகோளையே கைவிட வேண்டும் என்று தலைப்பிட்டு எழுதினார். உடனே மறுப்பும் வந்தது. சண்டை முடியவில்லை.

ஆனால் ஒரு நல்ல சோதனையைக் கோட்டோடு சேர்த்துத் தூக்கி எறிய வேண்டாம். 1979-இல் வெளிவந்த வேய்ன் சூசாவின் ஆய்வு எனக்கு இன்றும் பிடித்தமானது. தென்கலிபோர்னியக் கரையில் உருண்டைக் கற்கள் பரவிய அலையிடைப் பகுதி, அதாவது ஓதம் ஏறி இறங்கும் இடம். சிறு கல்லை அலை அடிக்கடி புரட்டும். அதில் உல்வா என்ற பச்சைப்பாசியும் கொட்டலசுகளும்தான். பெருங்கல்லை அலை அசைப்பது அரிது. அதை ஒரு செம்பாசி மூடிக்கிடக்கும். நடுத்தரக் கற்களில்தான் இனங்கள் அதிகம். சரி, கல்லின் அளவுதான் காரணமோ என்னவோ என்ற ஐயம் வருமல்லவா? சிறு கற்களை அசையாதபடி ஒட்டி வைத்துப் பார்த்தார். அவற்றிலும் பாசிகள் பெருங்கல்லின் வழியிலேயே மாறத் தொடங்கின. அளவு காரணமில்லை, புரளுவதுதான் காரணம். கோடு எல்லா ஊருக்கும் பொருந்தாமல் போகலாம். அந்தக் கல் பொருந்துகிறது.

(ஒரு வேண்டுகோள்: கரையில் கல் புரட்டிப் பார்ப்பவர்கள் பார்த்த பிறகு அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஆர்வக்கோளாறு ஒரு பிற்பகலில் ஒரு சூறாவளியின் வேலையைச் செய்துவிடும்.)

செப்டம்பர் 16

"தலைப்பு ஒட்டுண்ணி, பேச்சு கல்" என்று குறை. வருகிறேன், வருகிறேன். அதே சூசாதான் பிற்காலத்தில் நத்தைக்குள் இருக்கும் புழுக்களைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் எழுதினார். கல்லிலிருந்து புழுவுக்கு நான் தாவவில்லை. அவர் போன வழியில் போகிறேன்.

செப்டம்பர் 19

இதுதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான செய்தி, நீளமாகத்தான் வரும்.

ஒட்டுண்ணியும் ஒரு வகை இடையூறுதானே, அலையைப்போல் வலியவரை ஒடுக்கி எளியவருக்கு இடம் கொடுக்கிறதே என்று இந்த விவாத இழையில் இருவர் கேட்டார்கள். பாதி சரி. அலைக்குக் கண் கிடையாது. எதிரில் இருப்பது அரிதானதா மலிவானதா என்று பாராமல் அடிக்கும். ஒட்டுண்ணி கூட்டம் சேர்ந்த இடத்தைத் தேடும். ஓரிடத்தில் ஓரினம் நெருக்கமாக இருந்தால் தொற்று அங்கே எளிது. ஆகவே வலியவரை ஒடுக்குவதில் அலையைவிட ஒட்டுண்ணி குறி தவறாதது.

ஆனால் பெரிய வேறுபாடு வேறொன்று. அலை இடத்தைக் காலி செய்கிறது. நத்தையின் புழு காலி செய்வதில்லை. அது நத்தையைக் கொல்வதும் இல்லை. இனப்பெருக்க உறுப்பைத் தின்று மலடாக்கிவிட்டு உள்ளேயே குடியிருக்கிறது. நத்தை நகரும், மேயும், இடம் பிடித்திருக்கும், நல்ல நத்தைக்குப் போக வேண்டிய தீனியில் பங்கு போடும். பெறுவது மட்டும் புழுக்குஞ்சுகளை. வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட குடித்தனக்காரன், வாசல் பலகையில் பழைய உரிமையாளரின் பெயரை விட்டுவைத்ததுபோல. தலை எண்ணுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆயிரம் நத்தை இருக்கும். அடுத்த தலைமுறைக்குப் பங்களிப்பவை எத்தனை என்பது உடைத்தால்தான் தெரியும்.

அது மேய்வதும் மாறுகிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் லிட்டோரினா நத்தைகளை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், கிரிப்டோகாட்டில் என்ற தட்டைப்புழு தாக்காத நத்தைகள் தாக்கியவற்றைவிட 40 விழுக்காடு அதிகமாக மேய்ந்தன. விளைவாகப் பாறைப்பாசியின் போர்வையே மாறியது. ஓர் உயிர்கூடச் சாகவில்லை, ஓர் அங்குல இடம்கூடக் காலியாகவில்லை, ஆனால் பாறையின் தோற்றம் வேறு. இதை "இடையூறு" என்ற பெட்டியில் போட்டால் பெட்டி பிதுங்கும். போடாவிட்டால் பாறை ஏன் மாறியது என்று சொல்ல முடியாது. என் விருப்பம் பெட்டியைத் தூர வைப்பது.

செப்டம்பர் 20

நத்தைக்குள் இரண்டு வகைப் புழு ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். சண்டைதான். வாயுள்ள ரீடியா என்ற பருவத்தைக் கொண்ட இனங்கள், வாயில்லாத ஸ்போரோசிஸ்ட் பருவத்தைக் கொண்ட இனங்களைத் தின்றே தீர்த்துவிடும். சில இனங்களில் இனப்பெருக்கம் செய்யாமல் கடிப்பதற்கென்றே இருக்கும் சிறிய போர்வீரர் பிரிவு உண்டு. எறும்புப் புற்றில் மட்டும்தான் படைவீரர் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2011-இல் இது அதிர்ச்சி. அப்படியானால் எளிய இனங்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே? அழியவில்லை. ஒவ்வொரு நத்தையும் ஒரு தீவு. ஒரு தீவில் வலியவர் வெல்வார். ஆனால் ஆண்டுதோறும் ஆளில்லாத புதுத் தீவுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. புரளும் கல்லில் உல்வா பிழைப்பதும் இதே கணக்கில்தான்.

செப்டம்பர் 24

இரண்டு சேற்றுக் கதைகள். முதலாவது இனிப்பு, இரண்டாவது கசப்பு.

நியூசிலாந்தின் அலையிடைச் சேற்றில் ஒரு வகைச் சிப்பி புதைந்து வாழும். அதன் பாதத்தில் கர்ட்டியூட்டீரியா என்ற தட்டைப்புழு கூடு கட்டினால் பாதம் குட்டையாகிவிடும், சிப்பியால் தோண்ட முடியாது, மேலே கிடக்கும். சிப்பிபிடிப்பான் பறவை எளிதில் கொத்தும். புழுவுக்கு வேண்டியது அதுதான். ஆனால் பறவை கண்ணில் படாமல் கிடக்கும் ஓடுகள் வெறும் சேற்றில் கடினத்தரையாகின்றன. தொப்பி வடிவ லிம்பெட் நத்தைகளும் கடற்சாமந்திகளும் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. மௌரிட்சனும் பூலினும் சோதித்தபோது, மேலே சிப்பி கிடந்த இடங்களில் சேற்று விலங்குகளின் வகையும் எண்ணிக்கையும் கூடின. புழு ஒரு நோக்கத்தோடு செய்ததில் பத்து உயிர்கள் நோக்கமில்லாமல் பிழைக்கின்றன.

இரண்டாவது, டென்மார்க்கின் வாடன் கடல், 1990. கொரோஃபியம் என்ற சிறு ஓட்டுடலி சேற்றில் குழாய் அமைத்து வாழும். அந்தக் குழாய்கள்தான் சேற்றைக் கட்டிப்பிடித்திருப்பவை. அந்த வசந்தம் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. வெப்பம் ஏறினால் நத்தையிலிருந்து புழுக்குஞ்சுகள் கொட்டும். கொட்டின, கொரோஃபியத்துக்குள் புகுந்தன. சில வாரங்களில் அந்தச் சேற்றுவெளியில் கொரோஃபியம் இல்லாமல் போயிற்று. பிறகு சேறு அரிக்கப்பட்டது, மென்வண்டல் குறைந்தது, மேடுபள்ளமே மாறியது. பார்க்கிறவர் அலை அரித்தது என்றுதான் எழுதுவார். அலைதான் அரித்தது. ஆனால் அலைக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு புழு, புழுவை எழுப்பியது ஒரு வெயில். அலை, புழு, வெயில் என்று மூன்று கட்டம் போட்டால் இதில் எதில் டிக் போடுவது?

செப்டம்பர் 25

"எல்லாம் புழு, புயல் எங்கே?" இதோ.

கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் பச்சைக் கடல் முள்ளெலிகள் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடுகளை மொட்டையடிக்கும். பரமீபா என்ற அமீபா நோய் வந்தால் முள்ளெலிகள் கூட்டமாகச் சாகும், கெல்ப் திரும்பும். இந்த நோய் எப்போது வருகிறது என்று ஷைப்லிங் குழு தேடியபோது, வலிய சூறாவளிகள் கரையருகே கடந்த ஆண்டுகளோடும் நீர் வெதுவெதுப்பாக இருந்த காலத்தோடும் அது ஒத்துப்போனது. சூறாவளி அங்கே மரம் சாய்ப்பதோடு நிற்கவில்லை. நோயையும் கொண்டுவருகிறது. கடைசியில் காடு வளர்கிறது.

கரீபியனில் இதே பாத்திரங்கள், எதிர்மாறான முடிவு. 1980-இல் ஆலன் சூறாவளி ஜமைக்காவின் கிளைப்பவளங்களை நொறுக்கியது. பவளம் சூறாவளிக்குப் புதியதல்ல. மெல்லத் தளிர்க்கத் தொடங்கியது. மீன்களை மனிதர் ஏற்கெனவே அள்ளிவிட்டதால் பாசியை மேய்ந்து இடம் ஒதுக்கித் தந்தது டயடீமா என்ற கரிய நீள்முள் முள்ளெலி மட்டும்தான். 1983 தொடக்கத்தில் பனாமா கரையில் அது சாக ஆரம்பித்தது. அடுத்த ஆண்டுக்குள் கரீபியன் முழுவதும் பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டது. பாசி ஏறியது. பாதிக்கு மேல் இருந்த ஜமைக்காவின் பவளப்போர்வை 90-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே. 1983-இல் கொன்றது எது என்று அன்று பிடிபடவில்லை. 2022-இல் மீண்டும் சாவு வந்தபோது குற்றிழையுயிரி என்ற ஒற்றைச்செல் உயிரி ஒன்று பிடிபட்டது.

புயலா, நோயா, மீன்வலையா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன். புயல் மட்டும் வந்திருந்தால் அது பழைய கதை. நோய் மட்டும் வந்து மீன்கள் நிறைய இருந்திருந்தால் மேய ஆளிருந்திருக்கும்.

செப்டம்பர் 28

அலையாத்திக் காடு பற்றிக் கேட்டவருக்கு. பனாமாவின் கரீபியன் கரையில் மின்னல் தாக்கி மரங்கள் வட்டமாகச் செத்து இடைவெளி விழும். அந்த வெளிச்சத்தில்தான் சிவப்பு அலையாத்தியின் கன்றுகள் எழும்புகின்றன. வெளிச்சம் கிடைத்ததால் என்று எவரும் சொல்லிவிட்டுப் போவார்கள். சூசாவின் குழு 2003-இல் காட்டியது வேறு: நிழலில் கன்றுகளைக் கொல்வதில் பெரும்பங்கு தண்டைக் குடையும் ஒரு சிறு வண்டுக்கு. இடைவெளிக்குள் அந்த வண்டின் தாக்குதல் குறைவு. மின்னல் கன்றுகளுக்கு ஒளியைத் தந்ததோடு வண்டிடமிருந்து தப்பிக்க ஒரு வட்டமும் போட்டுக்கொடுத்தது.

வண்டு ஒட்டுண்ணியா என்று இலக்கணம் பிடிக்க வருபவர்களுக்கு: கறாராகப் பார்த்தால் இல்லை. கன்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

செப்டம்பர் 29

ஒரு சோகக்குறிப்பு. 1930-களில் வட அட்லாண்டிக்கின் ஈல் கடற்புல் வெளிகளில் பெரும்பகுதியை லாபிரிந்துலா என்ற நுண்ணுயிரி அழித்தது. கடற்புல் பிழைத்தது, ஏனென்றால் உப்புக் குறைந்த நீரில் நோய் அதை எட்டவில்லை. அந்தப் புல்லில் மட்டுமே வாழ்ந்த ஒரு லிம்பெட்டுக்கு உப்புக் குறைந்த நீர் ஒத்துவராது. லோட்டியா ஆல்வியஸ் என்ற அந்த நத்தை அழிந்துபோனது. இடம் தரும் ஓம்புயிரின் புகலிடம் அதில் குடியிருப்பவரின் புகலிடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அழிந்ததை உலகம் கவனித்தது அரை நூற்றாண்டு கழித்து.

அக்டோபர் 4

கேள்வி கேட்டவர் நத்தைகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். இழையில் இத்தனை நாள் நடந்த வாய்ச்சண்டையைவிட அந்த அட்டவணை மேல். பெரியவற்றில் புழு நிறைய. புயலுக்குப்பின் பிறந்திருக்கக்கூடிய சிறியவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அவசரம் வேண்டாம். சிறிய நத்தையில் எப்போதுமே தொற்று குறைவாக இருக்கும். வெளியில் உலவிய காலம் குறைவு, முட்டையைச் சந்திக்கும் வாய்ப்பும் குறைவு. ஆகவே இந்த அட்டவணை மட்டும் சங்கிலி அறுந்ததற்குச் சான்றாகாது. புயல் தொடாத பக்கத்துக் கழியில் அதே அளவுச் சிறு நத்தைகளை உடையுங்கள். அங்கே புழு இருந்து உங்கள் கரையில் இல்லையென்றால், பறவையோ மீனோ இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, நீங்கள் கண்ட புழு பழைய கணக்கு. அங்கேயும் இல்லையென்றால் வயதுதான் காரணம். அடுத்த ஆண்டு அதே தலைமுறையைத் திரும்ப உடைத்துப் பாருங்கள். இனம் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். ஒரே ஒரு வகைப் புழு நிறைய இருப்பதும் ஆறு வகை கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதும் ஒன்றல்ல.

அறிக்கையில் "நோயுற்ற" என்பதை அடித்துவிடுங்கள். "சீர்குலைந்து" என்பதைப் பக்கத்துக் கழியின் எண்கள் வரும்வரை பென்சிலில் எழுதுங்கள். புழு கண்ட நத்தைகளைத் தனித்தட்டில் ஒதுக்குவதானால் ஒதுக்குங்கள், ஆனால் தட்டின் மேல் சீட்டு ஒட்டி உறைபெட்டியில் வையுங்கள்.